ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்!

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையிலே பாரிவாக்கம் என்றோர் ஊர் உண்டு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரிக்கும் இவ்வூருக்கும் உறவு உண்டா, இல்லையா என்ற ஆராய்ச்சியைப் புலவர் பெருமக்களுக்கு விட்டுவிடுவோம். ஏரியும் வயலுமாய்க் கிடந்த ஊர், இன்று மனைப்பிரிவும் மாடிவீடுமாய் மாறி நிற்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும், ஆவடித் தொழிற்சாலைகளுக்கும், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும் அன்றாடம் போய் வரும் உழைப்பாளிகள் பலர் அங்கே வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடு ஒன்றின் சமையலறைக்கு, வாசகத் தோழரே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மாத நாட்காட்டி தொங்குகிறது. மளிகைக் கடைக்காரர் கொடுத்தது. அதிலே ஒரு தேதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். என்ன அது? பிள்ளையின் பிறந்த நாளா? பண்டிகையா? இல்லை. புது சிலிண்டர் மாட்டிய நாள். அந்த வீட்டுத் தாயைக் கேளுங்கள், சொல்வார்: "இது வந்து நாற்பத்துமூன்று நாள் ஆகிறது, போன தடவை நாற்பத்தேழு நாள் வந்தது, நடுவில் ஊரிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள், அதனால் இந்தத் தடவை சீக்கிரம் தீர்ந்துவிடும்." எந்தக் கல்லூரியும் அவருக்கு இதைக் கற்றுத் தரவில்லை. எந்தச் சர்க்காரும் அவருக்குக் கருவி எதுவும் வாங்கித் தரவில்லை. சிலிண்டரில் மீட்டர் கிடையாது. ஆயினும் அவர் கணக்கு வைத்திருக்கிறார்.

அதே தாயிடம், "அம்மா, நேற்று உங்கள் வீட்டில் எத்தனை யூனிட் கரண்ட் ஆயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அவரிடம் மட்டுமா? அவர் கணவரிடமும் வராது. கல்லூரிக்குப் போகும் மகனிடமும் வராது. உண்மையைச் சொன்னால், இதை எழுதுகிற என்னிடமும் சென்ற ஆண்டு வரையில் வந்திருக்காது! மீட்டரே இல்லாத காஸுக்குக் கணக்கு இருக்கிறது. கடைசி யூனிட் வரையில் மீட்டர் எண்ணிக்கொண்டிருக்கும் மின்சாரத்துக்கு வீட்டிலே கணக்கு இல்லை. விந்தையாக இல்லையா?

விந்தை ஒன்றுமில்லை. அந்த மீட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாடிப்படிக்கு அடியில், இருட்டு மூலையில், சில வீடுகளில் வீட்டுக்காரர் பூட்டிய கம்பிக் கதவுக்கு உள்ளே. அது நமக்காக எண்ணவில்லை, வசூலிப்பவருக்காக எண்ணுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து பார்க்கிறார், தொகை வருகிறது, கட்டுகிறோம். அறுபது நாள் என்ன செய்தோம் என்பது, செய்து முடித்த பிறகுதான் நமக்குச் சொல்லப்படுகிறது. மாதக் கடைசியில் மளிகைக் கடன் எவ்வளவு என்று தெரியாமல் எந்த ஏழைக் குடும்பமாவது கடையில் பொருள் வாங்குமா? மின்சாரத்தை மட்டும் அப்படித்தான் வாங்குகிறோம்.

இந்த நிலையிலேதான் உபதேசம் வருகிறது. "மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்! எரிவாயுவைச் சேமியுங்கள்! நாட்டின் செல்வத்தைக் காப்பாற்றுங்கள்!" நல்ல உபதேசந்தான், நான் அதைக் கேலி செய்ய வரவில்லை. சிக்கனம் ஏழைக்குப் புதிதன்று. சீமெண்ணெய்க்கு ரேஷன் கடையில் டின்னோடு காத்துநின்ற தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. திரியை இறக்கி ஏற்றிப் படித்தவர்கள் இன்று தாத்தாக்களாக இருக்கிறார்கள். ஆனால், எண்ணிக்கையைக் கையில் கொடுக்காமல் சிக்கனத்தை மட்டும் வாயில் கொடுப்பது என்ன நியாயம் என்பதுதான் என் கேள்வி.

அந்த எண்ணிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பாரிவாக்கத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது ஆவடி. அங்கேதான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே நமது லட்சியம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. அதை இங்கே எடுத்தால் பத்தி முழுதும் அதற்கே போய்விடும். ஆனால் மின்கட்டண அட்டவணையிலே அந்த லட்சியத்தின் நிழல் சிறிது இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறைவாகச் செலவிடுகிறவன் குறைந்த விலை கொடுக்கட்டும், அதிகமாகச் செலவிடுகிறவன் அதிக விலை கொடுக்கட்டும் என்பது படிக்கட்டுக் கட்டணத்தின் தத்துவம். 2016 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று வந்தது. தத்துவம் நல்லது. அதை நாம் ஆதரிக்கிறோம். படிக்கட்டிலே ஏறலாம், இறங்கலாம், ஆபத்தில்லை. படிக்கட்டின் நடுவிலே ஒரு கிணற்றை வெட்டி வைத்தால்?

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். சர்க்கார் மானியம் கழித்து, நாம் கட்டுகிற தொகை. இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரையில் செலவிட்ட வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரையில் 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரையில் 6 ரூபாய் 30 காசு. கூட்டிப் பாருங்கள்: 235, 940, 630. சரியாக 500 யூனிட் எரித்த வீடு கட்ட வேண்டியது 1,805 ரூபாய்.

இனி, அந்த வீட்டிலே கடைசி நாள் இரவு பிள்ளை படிக்கிறான். விளக்கும் விசிறியும் கூடக் கொஞ்ச நேரம் ஓடுகின்றன. ஒரே ஒரு யூனிட் கூடிவிடுகிறது. 501. என்ன ஆகவேண்டும்? அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு சேர்த்து 1,813 ரூபாய் 40 காசு ஆகவேண்டும். ஆவதில்லை! 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான அந்த 2 ரூபாய் 35 காசுச் சலுகை கிடையாது. அந்த 100 யூனிட்டும் பின்னோக்கிப் போய் 4 ரூபாய் 70 காசு ஆகிவிடுகிறது. கட்ட வேண்டியது 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை, தோழரே, 243 ரூபாய் 40 காசு!

தங்கத்தால் செய்த யூனிட்டா அது? இரண்டாயிரம் யூனிட் எரிக்கும் மாளிகைக்கும் முதல் 100 யூனிட் இலவசந்தான். அது இழப்பதும் இதே 235 ரூபாய்ச் சலுகையைத்தான். குளிர்சாதன அறைகளுக்கு அது கொசுக்கடி. 501-இல் நிற்கும் தொழிலாளி வீட்டுக்கு அது அரை நாள் கூலி. ஒரு காசு, இரண்டு காசு என்று அலட்சியமாகச் சொல்லிவிடக் கூடாது. 1970-இல் மின்கட்டணத்தை யூனிட்டுக்குச் சில காசுகள் உயர்த்தியதை எதிர்த்துக் கொங்கு நாட்டு உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மின்சாரக் கணக்கு இந்நாட்டு மக்களுக்கு அவ்வளவு நெருக்கமானது.

500 யூனிட்டைத் தாண்டுபவர்கள் வசதியானவர்கள்தானே என்று கேட்பார்கள் சிலர். வீட்டில் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்பதில்லை. தாய் தந்தை, இரண்டு மகன்கள், மருமகள், குழந்தைகள் என்று எட்டுப் பேர் ஒரே மீட்டரில் வாழும் குடும்பமும் 500-ஐத் தாண்டும். இரண்டு பேர் வாழும் பங்களாவும் தாண்டும். மீட்டருக்குத் தலைகளை எண்ணத் தெரியாது.

ஆகவே, நமது முதல் கோரிக்கை எளியது. 501-ஆவது யூனிட்டுக்கு அதன் விலையை மட்டும் வாங்குங்கள். பின்னால் திரும்பி, முன்னே கொடுத்ததைப் பறிக்காதீர்கள். படியை வைத்துக்கொள்ளுங்கள், கிணற்றை மூடுங்கள்.

இரண்டாவது கோரிக்கை மாதக் கணக்கு. இங்கே நமது தோழர்களிடமே சிறிது மல்லுக்கு நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது, மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுப்போம் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டு முடியும் வரையில் அந்தக் கணக்கு வரவில்லை. "எங்கே மாதக் கணக்கு?" என்று மேடைதோறும் கேட்டோம், சரியாகத்தான் கேட்டோம். ஆனால், மாதக் கணக்கு வந்துவிட்டாலே கட்டணம் குறைந்துவிடும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது சரியா? பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோமா?

போட்டுப் பார்ப்போம். ஒரு வீடு, கத்திரி வெயில் மாதத்தில் 320 யூனிட், மழை தூறிய அடுத்த மாதத்தில் 170 யூனிட். இரண்டும் சேர்ந்து 490. மேலே சொன்ன 2024 கட்டணத்தில், இருமாதக் கணக்குப்படி அந்த வீடு கட்டுவது 1,742 ரூபாய்.

இப்போது மாதக் கணக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், "மாதம் பாதியாயிற்று, ஆகவே படியும் பாதி" என்று சொல்லி, இலவசம் 50 யூனிட், சலுகை எல்லை 250 யூனிட் என்று எல்லாவற்றையும் இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். அப்போது என்ன நடக்கும்? வெயில் மாதத்து 320 யூனிட் 250-ஐத் தாண்டிவிட்டது, சலுகை போயிற்று, 1,629 ரூபாய். அடுத்த மாதத்து 170 யூனிட்டுக்கு 446 ரூபாய் 50 காசு. இரண்டும் சேர்ந்து 2,075 ரூபாய் 50 காசு! கேட்டுப் பெற்ற சீர்திருத்தத்துக்குத் தண்டம் 333 ரூபாய் 50 காசு. வெயில் மாதத்தின் மிகுதியை மழை மாதத்தின் குறைவு இதுவரை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈடு போய்விடுகிறது.

மாறாக, படிகளை வெட்டாமல், இன்று இரண்டு மாதத்துக்கு இருக்கும் அதே படிகளை ஒவ்வொரு மாதத்துக்கும் கொடுத்தால்? மாதம் 100 யூனிட் இலவசம், மாதம் 500 வரையில் சலுகை. அதே வீடு கட்டுவது வெயில் மாதத்தில் 799 ரூபாய், அடுத்த மாதத்தில் 164 ரூபாய் 50 காசு. மொத்தம் 963 ரூபாய் 50 காசு. பார்த்தீர்களா? "மாதக் கணக்கு" என்ற இரண்டே சொற்களுக்குள் 2,075 ரூபாயும் ஒளிந்திருக்கிறது, 963 ரூபாயும் ஒளிந்திருக்கிறது. எதைக் கேட்கிறோம் என்று சொல்லாமல் கேட்டால், கொடுப்பவர் தமக்கு வசதியானதைக் கொடுத்துவிட்டு, "கேட்டீர்கள், கொடுத்தோம்" என்பார்.

மாநில சர்க்காருக்கு அவ்வளவு பணம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படிகளை அப்படியே மாதத்துக்குக் கொடுத்தால் இலவச யூனிட் இரட்டிப்பாகும், மாளிகைக்கும் இரட்டிப்பாகும். அது எனக்கும் உடன்பாடில்லை. மாதக் கணக்கில் முதல் படிகளைப் பாதிக்கும் மேலாகக் கொடுத்து, மேல் படிக்காரர்களிடமிருந்து இலவசத்தை எடுத்து ஈடுகட்டலாம். ஆண்டு முழுவதற்கும் ஓர் எல்லை வகுத்து, வெயில் மாதமும் மழை மாதமும் சேர்த்துச் சரிபார்க்கலாம். வழி இருக்கிறது. எப்படியும், கட்டணம் இரண்டு மாதத்துக்கே இருந்தாலும், எண்ணிக்கையை மாதந்தோறும் வீட்டுக்குத் தெரிவிப்பதற்கு என்ன தடை? ஓட்டப் பந்தயத்தில் பாதி தூரத்தில் மணி அடிப்பார்களே, அந்த மணியையாவது அடியுங்கள் என்கிறோம்.

இவ்வளவும் சொந்த மீட்டர் உள்ளவர்களின் கதை. வாடகை வீட்டுக்காரன் கதை வேறு. சென்னையைச் சுற்றியுள்ள புறநகர்களில் நீங்கள் குடியிருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே இணைப்பு, அதன்கீழ் மூன்று குடித்தனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை மீட்டர். வீட்டுக்காரர் சொல்லும் ஒரே விலை. 100 யூனிட் இலவசம் என்று கோட்டையிலிருந்து அறிவித்தது அவன் காதில் விழும், கைக்கு வராது. முதல் யூனிட்டிலிருந்தே முழு விலை. மூன்று குடும்பமும் ஒரு மீட்டரில் சேர்வதால் 500-ஐத் தாண்டுவது உறுதி, ஆகவே வீட்டுக்காரரும், "எனக்கே அப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்ய?" என்கிறார். அவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. தனிக் குடித்தனம் ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு வேண்டும் என்ற கோரிக்கையை வாடகைக்காரனும் வீட்டுக்காரரும் சேர்ந்து எழுப்பினால் என்ன? வர்க்க சமரசம் என்று யாரும் நம்மைத் திட்டமாட்டார்கள்.

அடுப்புக்குத் திரும்புவோம்.

சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசுக்கு ஏறியது. பிறகு 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் இறங்கியது. அது நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய காலம் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டுமா? 2025 ஏப்ரலில் மீண்டும் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசு ஆயிற்று. இந்தியாவில் எரியும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் அரபு வளைகுடாவிலிருந்து கப்பலில் வருகிறது. ஆர்முஸ் நீரிணையில் ஒரு கப்பல் தயங்கினால் பாரிவாக்கத்து அடுப்பில் தெரியும்.

விலை ஏறும்போது குடும்பங்கள் என்ன செய்கின்றன? மின்சார இண்டக்ஷன் அடுப்புக்கு மாறுகின்றன. இங்கேதான் இரண்டு கணக்குகளும் முட்டிக்கொள்கின்றன. ஒரு சிலிண்டரில் நடக்கும் சமையலை இண்டக்ஷன் அடுப்பில் செய்தால் ஏறத்தாழ 140 யூனிட் ஆகும். யூனிட் 4 ரூபாய் 70 காசுப் படியில் இருந்தால் 658 ரூபாய், காஸைவிட மலிவு. ஆனால், அந்த 140 யூனிட் வீட்டை 500-க்கு மேலே தள்ளிவிட்டால், யூனிட் 8 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் 9 ரூபாய் 45 காசு என்று ஏறி, சிலிண்டர் விலையைத் தாண்டி, சலுகையையும் விழுங்கிவிடும். ஒரு பையில் மிச்சம் பிடித்ததை இன்னொரு பை தின்றுவிடுகிறது. இரண்டு கணக்கையும் ஒரே நாட்காட்டியில் எழுதாத வீட்டுக்கு இது தெரியவே தெரியாது.

காஸைச் சேமிப்பது பற்றித் தாய்மார்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. பருப்பை ஊற வைப்பது, பாத்திரத்தை மூடுவது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, குக்கரில் ஒன்றன்மேல் ஒன்று வைப்பது எல்லாம் அவர்கள் அறிந்தவை. இரண்டே செய்தி மட்டும் சொல்கிறேன். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரில் அடைப்பு. காஸ் வீணாகிறது, பாத்திரம் கறுக்கிறது. சிலிண்டரின் கழுத்து வளையத்தில் வெற்று உருளையின் எடை பொறித்திருக்கும்; அதோடு 14.2 கிலோவைக் கூட்டி, கொண்டு வருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. வட்டம் போடும் தேதிக்குப் பக்கத்தில் அந்த எடையையும் எழுதுங்கள்.

மின்சாரக் கணக்கைத்தான் புதிதாகப் பழக வேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 என்றால் நாளைக்கு எட்டு யூனிட்டும் சொச்சமும். வாரத்துக்கு 58. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சாதாரணக் கூரை விசிறி 75 வாட். வெயில் காலத்தில் நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், அறுபது நாளைக்கு 90 யூனிட். இரண்டு விசிறி என்றால் 180. புதிதாக வந்திருக்கும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. இரண்டுக்கும் சேர்த்து 72 யூனிட். மிச்சம் 108! இதைப்போல வேறு எந்தச் சிக்கனமும் அந்த வீட்டில் கிடையாது. எல்.இ.டி. விளக்குக்குப் பெரும்பாலோர் மாறியாயிற்று. செல்போன் சார்ஜரைப் பிடுங்கு, பிடுங்கு என்று பிள்ளைகளை விரட்டுவதில் வரும் மிச்சம், விரட்டுகிற நேரத்துக்குக்கூடக் காணாது. குளிர்சாதனப் பெட்டி வாங்கியவர்கள் மட்டும் தனியே கவனிக்க வேண்டும்: ஓர் இரவு முழுதும் ஓடினால், வீட்டின் அன்றைய பங்கு முழுவதையும் அது ஒன்றே தின்றுவிடக்கூடும். 24 பாகையில் வைத்து விசிறியையும் ஓட்டுவது நல்லது.

ஆனால் அந்த விசிறியின் விலை? சாதாரண விசிறியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. வாடகை வீட்டில் குடியிருப்பவன் கையில் மொத்தமாக அந்தப் பணம் ஏது? இங்கேதான் சர்க்காரின் கடமை வருகிறது. 2011-இல் ஜெயலலிதா அம்மையாரின் சர்க்கார் வீட்டுக்கு வீடு விசிறியும் மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தது. அன்று அதை இலவசம் என்று இகழ்ந்தவர்கள் உண்டு. நான் இகழவில்லை, ஏழைப் பெண்ணின் தோள்வலியைக் குறைத்த கிரைண்டரை இகழ எனக்கு மனம் வராது. அந்த விசிறிகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றை வாங்கிக்கொண்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் விசிறியைத் தவணையில், மின்கட்டணத்தோடு சேர்த்துக் கழித்துக்கொள்ளும்படி கொடுங்கள். கூலிக்காரன் மிச்சம் பிடிக்கும் காசிலேயே தவணை அடையும். சர்க்காரும் மானியத்தில் மிச்சம் பிடிக்கும். இதில் யாருக்கு நஷ்டம்?

யாருக்கு இலாபம் என்பதையும் சொல்ல வேண்டும். மின்சாரத்துக்கு ஊர்ப் பெயர் கிடையாது. கம்பியில் வருவது காற்றாலையதா, நெய்வேலியதா, கூடங்குளத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனினும், சூரியன் மறைந்த மாலை வேளையில் தமிழ்நாட்டு விளக்குகளைத் தாங்குவதில் பெரும்பங்கு நிலக்கரிக்கு. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பல் எங்கே போகிறது? அத்திப்பட்டில், 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல் மின்நிலையத்தின் சாம்பல், குழாய் உடைந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த கதையை எண்ணூர் மீனவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இறாலும் நண்டும் போன ஆற்றில் அவர்கள் நிற்கிறார்கள். பாரிவாக்கத்து மாடியில் ஆளில்லா அறையில் சுற்றும் விசிறிக்கும், எண்ணூர்க் கழிமுகத்தில் வெறும் வலையோடு நிற்கும் மனிதனுக்கும் இடையே ஒரு கம்பி ஓடுகிறது. உழைப்பாளி உழைப்பாளிக்குச் செய்யும் உதவியாகவே சிக்கனத்தை நான் பார்க்கிறேன். உபதேசிகளின் சிக்கனம் வேறு.

"இதற்கெல்லாம் ஸ்மார்ட் மீட்டர் வந்தால் தீர்ந்துவிடும்" என்பார்கள். மத்திய சர்க்கார் 2021-இல் வகுத்த திட்டப்படி நாடெங்கும் முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட வேண்டும். சென்னையில் தியாகராய நகர்ப் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை சோதனையாகப் பொருத்தப்பட்டன. மாநிலம் முழுவதற்குமான டெண்டரில் ஒரு தொகுப்புக்கு அதானி குழும நிறுவனம் முன்னணியில் நின்றது. கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் அந்த டெண்டர் ரத்தாயிற்று. ரத்தானது நல்லது. ஆனால், கருவியையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அரை மணிக்கு ஒருமுறை எண்ணும் கருவி யார் கையில், யாருக்காக என்பதே கேள்வி.

பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும்போது, வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒரு சிறு திரையையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். இன்றைக்கு எவ்வளவு, இதுவரை எத்தனை காசு என்று அடுப்படியிலேயே தெரியும். இங்கே? மத்திய சர்க்கார் 2023 ஜூனில் திருத்திய விதிகளில் அடுப்படித் திரையை நான் காணவில்லை. கண்டது நேரவாரிக் கட்டணம். ஸ்மார்ட் மீட்டர் வந்த வீட்டுக்கு, வெயில் காயும் நேரத்தில் 20 சதவிகிதம் குறைவு; உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவிகிதம் கூடுதல். பகல் முழுதும் ஆலையில் நிற்பவன், மாலையில் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடும் நேரந்தான் அந்த உச்ச நேரம்! அவன் எப்போது சமைப்பான்? நண்பகலில் சமைத்துவிட்டு வேலைக்குப் போகச் சொல்கிறார்களோ?

ஆகவே, கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். இப்போதுள்ள மீட்டரே போதும். அடுத்த ஞாயிறு காலை, காப்பி குடித்ததும், மாடிப்படிக்கு அடியில் குனிந்து பாருங்கள். எண்கள் மாறி மாறி வரும். அவற்றில் யூனிட்டைக் காட்டும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். புரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையை அழையுங்கள், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். சிலிண்டர் வட்டம் இருக்கும் அதே நாட்காட்டியில், அதே பென்சிலால், அந்த எண்ணை எழுதுங்கள். அதற்கடுத்த ஞாயிறும் எழுதுங்கள். கழித்துப் பாருங்கள், 58-க்குள் இருந்தால் சரி. வீட்டுக்காரர் கம்பிக் கதவைப் பூட்டி வைத்திருந்தால், வாரம் ஒருமுறை திறக்கச் சொல்லிக் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

எட்டு ஞாயிறு எழுதிய தாள் ஒன்று கையில் இருந்தால், அது வெறும் சிக்கனக் கணக்கன்று. மின் ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தைத் திருத்தும்போது மக்களிடம் கருத்துக் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் அப்படிக் கூட்டம் நடத்திற்று. அங்கே, "கட்டணம் அதிகம், குறையுங்கள்" என்ற குரல் நிறைய ஒலிக்கிறது. "வெயில் மாதத்தில் என் வீடு இவ்வளவு, மழை மாதத்தில் இவ்வளவு, நீங்கள் படியை இரண்டாக வெட்டினால் எனக்கு இவ்வளவு நஷ்டம்" என்று தாளோடு நிற்கும் குரல் குறைவு. பாரிவாக்கத்திலிருந்து நூறு தாள் போகட்டும். கரையான்சாவடியிலிருந்து நூறு, பருத்திப்பட்டிலிருந்து நூறு. குடித்தனக்காரர்கள் துணை மீட்டர்க் கணக்கையும், வீட்டுக்காரர் வாங்கிய தொகையையும் எழுதுங்கள். பெயர் எழுதத் தயங்கினால் தெருவை மட்டும் எழுதுங்கள். கிளைத் தோழர்கள் வாங்கிக்கொள்வார்கள். தாளின் தலைப்பில் மூன்று வரி போதும்: 501-இல் சலுகையைப் பின்னோக்கிப் பறிக்காதே, படியை வெட்டாமல் மாதக் கணக்கு கொடு, குடித்தனத்துக்கு ஒரு மீட்டர் கொடு.